தையல் கடையில் அம்மா

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சுகம். உன் மகனுக்குப் பல்வலி தேவலையா? ராத்திரியில் மிட்டாயைக் கொடுத்துத் தூங்க வைக்காதே. சொன்னால் கேட்கிற ஆளா நீ!

நீ எழுதி அனுப்பிய நினைவஞ்சலி வாசகத்தைப் பத்திரிகையில் கொடுக்கவில்லை. "அமைதியே உருவான எங்கள் அம்மா" என்று ஆரம்பிக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்காதே. அந்த வேலையைத்தான் இத்தனை நாளும் நன்றாகச் செய்தாயே.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலை பார்த்த தையல் கடையிலிருந்து சில பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மத்தியானத்தில் அம்மா அங்கே போய்க் காஜா எடுத்து, பட்டன் தைத்துவிட்டு வருவாள் என்பதற்கு மேல் நமக்கு அந்தக் கடையைப் பற்றி எதுவும் தெரியாது. நமக்கு என்ன, எனக்கு. டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு ஒருத்தி, "இனிமே எங்களை யாரு சிரிக்க வைப்பா" என்றாள். வீடு மாறி வந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நம் வீட்டில் யார் வாய்விட்டுச் சிரித்தோம், சொல்லு? அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். ஒரு கரண்டி கீழே விழுந்தால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் அவள் வாயிலிருந்து "சரி", "சாப்பிடு", "வந்துட்டியா" தவிர எதுவும் வந்ததில்லை. அம்மா சுபாவமே அப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தக் கடையில் மெஷின் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேச வேண்டுமாம். நம் அம்மா கத்தினாளாம். கத்தரிக்கோலைக் காதில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரர் போன் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவாளாம். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவதை அம்மா எப்படி நடிப்பாள் என்று ஒரு பெண் எழுந்து நின்று செய்தே காட்டினாள். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "அவளா?" என்று மட்டும் கேட்டார்.

அது வரைக்கும் கூடத் தாங்கிக்கொண்டேன். துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிற அம்மாள்தான் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். "சின்னப் பொண்ணுகிட்ட போன்ல பேச ஆரம்பிச்சாங்கன்னா, நாங்க மெஷினை நிறுத்திட்டு உக்காந்துடுவோம்மா. அந்தப் பொண்ணும் அங்கேருந்து விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றாள்.

அடி பாவி! அம்மா பேசுவதே இல்லை, மனசு சரியில்லையோ என்று போன வருஷம் உன்னிடம்தானே அழுதேன். "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுக்கா" என்றாயே, எந்த வாயால் சொன்னாய்? லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் கடையில் அந்த டாக்டரையும், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பதிலாகப் பதில் சொன்ன என்னையும் நடித்துக் காட்டினாளாம். நீயும் போனில் கேட்டுச் சிரித்திருப்பாய்.

கடைசி மாதங்களில் அவளைக் குளிப்பாட்டியது நான். தலை வாரிவிட்டது நான். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தது நான். உனக்குச் சிரிப்பு, எனக்கு அழுக்குத் துணியா? உன் மேல் மட்டுமில்லை, அவள் மேலும் எனக்குக் கோபம்தான். போய்ச் சேர்ந்தவள் மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. படுகிறேன். நல்லா ஏமாத்திட்டீங்க இரண்டு பேரும்.

என்னை எப்படிச் செய்வாள், காட்டுங்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "விடும்மா, சும்மா விளையாட்டுக்குத்தானே" என்று சொல்லி, டம்ளர்களைக் கழுவி வைக்க எழுந்து போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தூக்கம் சரியில்லை. அந்தப் பெண்கள் மறுபடி வருவார்களா என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார்.

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றம் இல்லை. பத்திரிகை வாசகம் இப்போதைக்குக் கிடக்கட்டும். அடுத்த மாதம் வருகிறேன் என்றாயே, கட்டாயம் வா. சண்டை போடத்தான் போகிறேன், வாங்கிக்கொள். அது முடிந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, அம்மா என்னை எப்படிப் பேசிக் காட்டுவாள் என்று அவள் குரலிலேயே செய்து காட்டு. எவ்வளவு கேலியாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

உன் அக்கா