ஏழாவது நிலையத்தின் வெள்ளைப் பலகை

2.3.1998, திங்கள்

பூங்கா முதலாளி ஸஹாப்தீனுக்கும் ஓவியன் பெரியதம்பிக்கும் எதிரான என் முறைப்பாடுகள்:

1. ஒக்டோபர் 1982: பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் 'கடலடி ரயில்' தொடரைத் தொடங்கியவன் நான். அந்த ரயில் ஓடும் கடலடி நாட்டின் ஆறு நிலையங்களும் என் மேசையில் பிறந்தவை. பெரியதம்பி படம் மட்டும் கீறினான்.

2. 11.1.1998: தெமட்டகொடைச் சிறுவர் பூங்காவின் ஒரு பகுதி என் கதையில் வரும் நாடாகவே அமைகிறதென்று செய்தித்தாளில்தான் அறிந்தேன். எவரும் என்னிடம் கேட்கவில்லை.

3. 1.3.1998: திறப்பு விழா. பலகையில் 'பெரியதம்பியின் கடலடி நாடு'.

4. எண்பத்துமூன்று கலவரத்தில் அச்சகம் எரிந்ததால் நான் எழுதாமல் விட்ட ஏழாவது நிலையத்தையும் அவனே கட்டி முடித்தானாம்.

5.3.1998, வியாழன்

ஸஹாப்தீனைத் தொலைபேசியில் பிடித்தேன். "கதய யாரு சேர் வாசிக்கிற? படத்தக் கண்டாத்தான் புள்ளயள் ஓடி வாராங்க."

வைத்துவிட்டேன். என் மனைவி பத்மாவதி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "உங்களை ஆர் எழுதவேண்டாமெண்டது? பதினைஞ்சு வருசமாப் பேனை தொடேல்லை. அந்த மனுசன் கீறிக்கொண்டெல்லோ இருந்தவர்."

முறைப்பாட்டைப் பிரதியெடுக்கத் தொடங்கினேன்.

8.3.1998, ஞாயிறு

இன்றைய பத்திரிகையிலும் பெரியதம்பியின் படம். சிரிக்கிறான். அவனுக்கு இன்னும் தலைமயிர் இருக்கிறது.

14.3.1998, சனி

வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். வாசலில் பையைச் சோதித்த காவலாளி, முறைப்பாட்டுப் பிரதி தமிழில் இருந்ததால் அதை இருமுறை புரட்டினான்.

குழந்தைகளுக்கிடையே முழங்கால் மடித்து அந்தக் குட்டி ரயிலில் அமர்ந்தேன், பிழை பிடிப்பதற்காக. மூன்றாம் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் மீன் நின்றது. அதன் மூக்குக்கண்ணாடியில் இடப்பக்க வில்லையில் வெடிப்பு விழுந்திருந்தது. அது நான் எழுதிய அரை வரி. நானே மறந்துவிட்ட அரை வரி. அவன் ஏன் மறக்கவில்லை? அதற்காகவும் அவனை வெறுத்தேன்.

ஆறு நிலையங்கள் முடிந்து ரயில் ஏழாவதில் நின்றது. வெறும் மேடை. பெயரில்லாத வெள்ளைப் பலகை.

இறங்கிப் போய், சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெரியதம்பியிடம், இது ஏன் வெறுமையாய்க் கிடக்கிறதென்று கேட்டேன். தூரிகையை வைக்காமலே சொன்னான்:

"நீர் எழுதேல்லையே, யோகநாதன். நீர் எழுதாததை நான் எண்டைக்குக் கீறினனான்?"

"பலகையிலை உம்மடை பேர் மட்டும் நிக்குது."

"அது முதலாளியின்ரை வேலை. நீர் செத்துப்போனீர் எண்டு ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம். எழுத்தையும் காணேல்லை, நானும் நம்பிப்போட்டன். நீர் அவருக்கு டெலிபோன் எடுத்தாப்பிறகுதான் உண்மை தெரிஞ்சது."

முறைப்பாட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

15.3.1998, ஞாயிறு

நாட்குறிப்புப் பென்சிலை வைத்துவிட்டுப் பத்மாவதியிடம் பேனை கேட்டேன். ஒன்றும் கேளாமல் தந்தாள்.

28.3.1998, சனி

இருவருக்கும் இன்று பதிவுத்தபாலில் அனுப்பியதன் பிரதி:

என் முறைப்பாடுகளையும் அனுப்பியுள்ளேன்; ஏழாவது நிலையம் பற்றிய நான்காவதை மட்டும் மீளப்பெறுகிறேன். ஏனையவை அவ்வாறே நிற்கின்றன. பலகையில் எழுதியவன் பெயர் மேலும் வரைந்தவன் பெயர் கீழும், ஒரே அளவில் இடம்பெற வேண்டும். ஏழாவது நிலையம், பதினொரு பக்கங்கள், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒன்பதாம் பக்கத்தில் ஓர் அரை வரி உண்டு; ஓவியர் அதைத் தவறவிடலாகாது. கீற முடியுமா, முடியாதா என்பதை 9.4.1998 மாலை ஐந்து மணிக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும். வாய்வார்த்தை ஏற்கப்படமாட்டாது.