ஒரே படத்தில் விழுந்த கோடு

இலஞ்சி

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே சாரல் விடவில்லை. நட்சத்திரம் கண்ணில் பட்டே பல நாளாயிற்று. ஆனாலும் இணையம் வழியே நாம் பங்கு சேர்ந்திருக்கும் சிலி நாட்டுத் தொலைநோக்கி, நீங்கள் மஸ்கட்டிலிருந்து கேட்ட தனுசு ராசி நெபுலா மேகத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டது.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த படங்களை அடுக்கினால்தான் அந்த மங்கல் ஒளி துலங்கும். எல்லாப் படத்திலும் இருப்பதை மென்பொருள் வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்தில் வந்துபோனதைப் பிழையென்று நீக்கிவிடும். அப்படி நீக்கியதில் ஓர் எரிகல் இருந்தது. மெல்லிய பச்சைக் கோடு.

நம் வானியல் குழுவின் உமாசங்கர் அண்ணனிடம் சொன்னேன். "அத விட்டுரும்மா. கோடு இல்லன்னாத்தான் படம் சுத்தமா இருக்கும்" என்றார்.

அத்தையும் தினம் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அதையேதான் சொல்கிறார்: "ஒரு நாள் இருந்துட்டுப் போன பிள்ளைய நெனச்சு எத்தன நாளைக்குடீ இப்படியே இருப்ப? எந்திரி, சாப்பிடு."

அந்தக் கோட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். படம் இத்துடன் இருக்கிறது. அழித்துவிடாதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறீர்கள். நம் மகள் யார் சாடை என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. இனி நான் சொன்னால்தான் உண்டு.

உங்கள் நெற்றிதான்.

இப்படிக்கு,
அவளைப் பார்த்தவள்