இரண்டாவது பொட்டலம்

ஆடி வெள்ளி இரவு, 1981. குனோங் ராபாட்.

இன்று சோப்புக் காய்ச்சும் எங்கள் சவுக்காரக் கம்பெனியில் சாமியிடம் பூக் கேட்டோம். அடுத்த முதலாளி யார் என்று முனியாண்டிதான் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். சிவப்பு அரளி வந்தால் நான், வெள்ளை வந்தால் அண்ணன். அப்பாவே பூக்களைத் தனித்தனி வெற்றிலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, சாமி காலடியில் வைத்தார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

வேலையாட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சாமியே சொல்லிருச்சு, இனிமே நீதான் முதலாளி லா" என்றார் அண்ணன். பிறகு மேடையைத் துடைக்க அவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். இன்னொரு பொட்டலம் அப்படியே கிடந்தது. ஆற்றில் விடலாம் என்று எடுத்தவள், ஏனோ பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு.

அப்பாவா இப்படிச் செய்தார்? முனியைக் கும்பிடாமல் சவுக்காரக் கொப்பரைக்கு அடியில் நெருப்பு மூட்ட விடாதவர் ஆயிற்றே. என்மேல் அவ்வளவு நம்பிக்கையா, இல்லை அண்ணன்மேல் அவ்வளவு பயமா? சாமியை ஏமாற்றி வாங்கிய நாற்காலி. நாளைக் காலை அந்தச் சாமிக்கு நான்தான் சூடம் காட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிது வேறொன்று. அப்பா கட்டியது வாழைநார். நான் அவிழ்த்தது சவுக்காரப் பெட்டி கட்டும் சணல். எனக்கு முன்பே யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு நீ சூடம் காட்டுறப்ப நானும் பக்கத்துல வந்து நிக்கிறேன்."