மழைக்குப் பின் முளைத்த புல்

ஜூன் 14

மேய்ச்சல் நிலம் பொசுங்கிவிட்டது. வசந்தத்தில் வராத மழை இனி எங்கே வரப்போகிறது? பதராகிப் போன கோதுமையை உழுது போட்டு, அந்த இடத்தில் சூடான் புல் என்ற சோள வகைத் தீவனத்தை விதைத்தோம். வெயில்தான் இதற்குச் சாப்பாடு என்றான் விதைக்கடைக்காரன். என் கணவன் சான்டுவின் அண்ணன் பன்டேலே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"துடைப்பத்தையா விதைக்கிறே, சம்ஃபிரா? மாட்டு வயித்தைக் கூட்டிப் பெருக்கவா?"

பேச்சைப் பார்! அவர் மாடுகளின் விலா எலும்பை இங்கிருந்தே எண்ணலாம்.

ஜூலை 22

புல் என் தலைக்கு மேல். மாடுகளை உள்ளே விட்டோம். எங்கள் பசு ஜோயானா வாளி நிறையப் பால் கொடுத்தாள்.

மாலையில் பன்டேலே வந்தார். பாதிப் புல் வேண்டுமாம், அப்பன் நிலமாம்.

"சிரிச்ச வாயில்ல? இதைத் தின்னு" என்று சான்டு வைக்கோல் அள்ளும் கவையின் காம்பால் ஓங்கி அடித்தான். பல் தெறித்தது. அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தம்பியின் காதைக் கடித்தார். இருவர் மேலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி விலக்கினேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்களா இவர்கள்?

ஜூலை 30

பன்டேலே எங்கள் நாயைக் கொன்று வேலிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 12

போன வாரம் மழை! மேய்ந்த கட்டையெல்லாம் துளிர்த்து முழங்காலுக்குக் கீழே ஒரே பச்சை. ஆனால் வறட்சியில் வாடிய புல் மழைக்குப் பின் விடும் இளங்குருத்தில் விஷம் இருக்குமாம். இடுப்பு உயரம் வரும்வரை மாடு வாய் வைக்கக் கூடாது என்று விதைக்கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். எங்கள் மாடுகளைத் தொழுவத்தில் கட்டிவிட்டேன்.

பன்டேலேயிடம் சொல்ல வேண்டாமா?

"அவன்கிட்ட வாயைத் திறந்தே, உன் பல்லும் போகும்" என்றான் சான்டு.

போகட்டும். வேலியோரம் போய்ச் சொன்னேன்.

"போன மாசம் உன் மாடு தின்னுச்சே, செத்தா போச்சு? என் மாட்டுக்கு மட்டும் விஷமா? யார் காதுல பூ சுத்துறே?"

யாராக இருந்தாலும் அப்படித்தானே கேட்பார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். ஊரே தேவாலயத்தில். பன்டேலே மட்டும் வரவில்லை — அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் வேலிக் கம்பி அறுபட்டுக் கிடக்கிறது. அவர் மாடுகள் புல்லுக்குள் வாயைப் பிளந்து, மூச்சுக்குத் தவித்து, காலை உதறி உதறி — ஐயோ. அவர் மனைவி வேத்தா மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். ஒரு கிடாரி மட்டும் வரப்பில் தள்ளாடி நின்றது.

சான்டு சிரித்தான். கடவுளே, சிரித்தான்.

"விஷம் தெளிச்சிட்டீங்களேடா, பாவிகளா!"

என்று கத்திக்கொண்டே பன்டேலே கோடரியோடு எங்கள் தொழுவத்துக்குள் பாய்ந்தான். ஜோயானாவின் கழுத்தில் வெட்டினான், மறுபடியும் வெட்டினான். கட்டிக் கிடந்தவள், எங்கே ஓடுவாள்? அவள் ரத்தத்திலேயே வழுக்கி விழுந்தான். சான்டு இரும்புக் கவையை அவன் வயிற்றுக்கு நேராக ஓங்கினான்.

"வேணாம் சான்டு! உன் அண்ணன்டா அவன்!"

கேட்கிற நிலையில் அவன் இல்லை. கீழே கிடந்த கோடரியை எடுத்து, அதன் மொட்டைப் பக்கத்தால் என் புருஷனின் முழங்காலில் அடித்தேன். எலும்பு உடைந்தது.

ஆகஸ்ட் 16

மருத்துவமனை. என்னைக் கண்டதும் சான்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காலை உடைத்தது யார் என்று போலீஸ்காரர் கேட்டார்.

"மாடு உதைச்சிருச்சு" என்றான்.

செப்டம்பர் 9

வேத்தா அக்கா பிழைத்த கிடாரியை ஓட்டிவந்து எங்கள் தொழுவத்தில் கட்டினாள். புல்லில்தான் விஷம் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டாராம்; ஜோயானாவுக்குப் பதில் இது என்றாள். "இருந்த ஒண்ணையும் கொடுத்துட்டு நீ என்னக்கா பண்ணுவே?" என்றேன். இருவரும் அழுதோம்.

அக்டோபர் 20

முதல் உறைபனி. புல் கருகிவிட்டது. உறைபனி பட்டாலும் விஷம் ஏறுமாம், உழுதுவிடலாம் என்று முடிவாயிற்று. கால் உடைந்த தம்பிக்காக டிராக்டரில் பன்டேலே. வரப்பில் ஊன்றுகோலோடு சான்டு.

"நேரா ஓட்டு அண்ணே, குடிச்சிருக்கியா?"

"உன் பொண்டாட்டி கையில கோடரி இருக்கா, அதை முதல்ல பாருடா!"

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை உடைத்த நாளிலிருந்து சான்டு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சூப் கொண்டுபோய் நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கி, ஒரு கரண்டி குடித்தான்.

"உப்பு கம்மி" என்றான்.

உப்பு எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.