பதினொரு மாதம் ஓட்டப் போகிறவள்

இன்று காலை குற்றாலம் ரோட்டில் ஒரு கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். அந்த வண்டி நகர்ந்ததும் பழம் நசுங்கி வாசம் என் வண்டிக்குள் வரைக்கும் வந்தது. பின்சீட்டில் இருந்த உம்மா, "யாரு பழம் நறுக்குதா?" என்று கேட்டாள். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள், வேறு எந்த வாசத்தோடு ஞாபகத்துக்கு வருவாய்.

பன்னிரண்டு வருஷம் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தோம். நீ மருந்து கொடுக்கிற ஜன்னலில், நான் ரத்தம் எடுக்கிற அறையில், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரிடம் அவர் வீட்டுக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்பது வரை நீ கேட்டுவிடுவாய். வரிசை வாசல் தாண்டி நிற்கும். "உனக்கு எதுக்குட்டி இந்த ஊர்க் கதையெல்லாம்?" என்று நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். "தெரிஞ்சுக்கிட்டா என்னட்டி, கொறஞ்சா போயிருவோம்?" என்பாய். பல நாள் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது மறைப்பானேன்.

உம்மாவுக்கு டயாலிசிஸ் என்று ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் புதனும் சனியும் வந்தாலே எல்லாருக்கும் முகம் வாடும். அச்சன்புதூரிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது உம்மா துவண்டு கிடப்பாள், குற்றால சீசன் சாரல் ஆட்டோவின் இரண்டு பக்கமும் உள்ளே அடிக்கும், நான் என் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திவிடுவேன். ஒரு சனிக்கிழமை வழியிலேயே நடுங்கி நினைவு தப்பினாள். திங்கட்கிழமை உன் ஜன்னல் முன்னால் நின்று நான் அழுதேன். நீ மாத்திரையை எண்ணிக்கொண்டே, "ஒனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்றாய்.

லைசென்ஸ் இருந்தது. எட்டு வருஷமாக என் பர்சில் ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னால் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அவர்தான் மிதித்தார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒருநாளும் ஓட்டவில்லை. காரை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். ஆனால் ஆட்டோவில் கிடந்த உம்மாவை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரரிடம், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவரிடம், விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷத்தில் குதித்தார். சார்ஜாவில் வேன் ஓட்டுகிறவர், வண்டி என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பு. இரண்டே நாளில் தென்காசியில் கூட்டாளி ஒருவர் வைத்திருந்த உயரமான வெள்ளை வண்டி ஒன்றை வீடியோவிலேயே பார்த்து முடித்துவிட்டார். எங்கள் தெருவில் அந்த மாதிரி ஏழெட்டு வண்டி நிற்கிறது. எல்லாம் வெளிநாட்டு வீடுகள். ஆள் லீவில் வந்தால் துணி உறை கழலும். ஒரு மாதம் விருந்து, கல்யாண வீடு, அருவி என்று ஓடும். அவரை ஏர்போர்ட்டில் விட்ட மறுநாள் மறுபடி உறை விழும். வீட்டுப் பெண்கள் அந்த உறை மேல் வடகம் காயப்போடுவார்கள். அதெல்லாம் கண்ணால் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

"நானும் வாரேன், வேடிக்கை பாக்க" என்று நீயும் வந்தாய். உனக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட ஓட்டி நான் பார்த்ததில்லை. வண்டி பார்க்கப் போகிற இடத்துக்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போவார்கள், நான் உன்னைக் கூட்டிப் போனேன். நீ கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. "எங்க வீட்ல இதெல்லாம் பழக்கமில்லட்டி" என்றேன். "நான் சாமிக்கா வைக்கேன்? சக்கரம் எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியுதான்னு பாக்கப்போறேன்" என்றாய். பழத்தைத் தரையில் வைத்துவிட்டு, இடது முன் சக்கரத்தால் அதை நசுக்கு என்றாய்.

எனக்கு பானெட்டைத் தாண்டித் தரையே தெரியவில்லை. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பழம் சக்கரத்துக்கு ஒரு முழம் வெளியே மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. வண்டி வைத்திருந்தவர், "பழகப் பழக சரியாயிரும்க்கா" என்றார். நீ அவரிடம், இந்த வண்டியை இதுவரை எத்தனை பெண்கள் ஓட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாய். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு ஒருவரும் இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் மச்சான் போனில் வந்தபோது நீ கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாய். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வருசத்துல ஒரு மாசம் நீங்க ஓட்டுவிய. மிச்சம் பதினொரு மாசம் யாரு ஓட்டப் போறா?" அதற்கு அவர், "சார்ஜாக்காரன் பொண்டாட்டி பழைய டப்பாவுல போறான்னு ஊருல சொல்ல மாட்டாங்களா?" என்றார். "சொல்லுவாங்க. சொல்லுதவங்க புதன்கிழமை வந்து உம்மாவக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றாய். "என்னமும் செய்ங்க" என்று வைத்துவிட்டார். பத்து நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கேள்வியை நான் அல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

அடுத்து மேலகரத்தில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் வீட்டில் பார்த்தோம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத வண்டி. அதில் பழம் விரல் அளவில் தப்பியது, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். இதையே எடுப்போம் என்றேன். நீ அந்தப் பெரியவர் தன் வேட்டி நுனியால் கதவில் என் கைத்தடத்தைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும், "வேண்டாம்ட்டி. இதுல ஒரு கீறல் விழுந்தா நீ அன்னைக்கே சாவிய ஆணில மாட்டிருவ" என்றாய். உனக்கு எப்படி என்னை இவ்வளவு தெரிந்தது?

கடைசியில் இலஞ்சியில் அந்த டீச்சரம்மாவின் நீல வண்டி. சின்னது, பழையது, நாலு பக்கமும் காயம். சீட்டை உயர்த்திக்கொள்ள முடிந்தது, கண்ணாடி பெரிதாக இருந்தது, கிளட்ச் மிதித்தால் அமுங்கியது. முன்னால் இரண்டு சீட்டுக்கும் ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும், பிரேக்கையும் டயரையும் பார்க்க ஒரு மெக்கானிக்கை நாளைக்கு அனுப்புகிறோம் என்றாய். பிறகுதான் உன் சொந்தக் கேள்வி வந்தது. "டீச்சர், நீங்க மொதல்ல எங்கன இடிச்சிய?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலாகத் தொட்டுக் காட்டினார். இது எங்க வீட்டு கேட்டு. இது ஐந்தருவி பார்க்கிங்கில் ஒரு வேன்காரன். இது மாடு, ஆனால் தப்பு என் மேல்தான். இது என்னவென்று இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை இடித்தும் அவர் உயிரோடு நின்று, காபி போட்டுக்கொடுத்து, இப்போது புது வண்டியும் வாங்கப்போகிறார் என்பது எனக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. அன்று இரண்டாவது தடவையிலேயே பழம் நசுங்கியது. சக்கரத்துக்குக் கீழே அது உடைகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது என்று நான் சத்தியம் செய்தேன், நீ நம்பவில்லை.

வண்டி வந்த பிறகு புதன், சனி இரண்டு நாளும் நீ டியூட்டியை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தாய். உம்மா பின்னால் துஆ ஓதிக்கொண்டு வருவாள். நீ முன்னால் என் இடது பக்கம். ஊரையே கேள்வி கேட்கிறவள் வண்டி நகர்ந்ததும் வாயை மூடிக்கொள்வாய். பிரேக் என்றோ பார்த்து என்றோ ஒரு தடவைகூட நீ சொன்னதில்லை. உனக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் பயமும் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரயில்வே பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்த நாளை மறக்க முடியுமா. முன்னால் பஸ் நின்று கிளம்பியது, நான் கிளட்சை விட்டேன், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி போட்டேன், பின்னால் உருண்டது. பின்னால் ஒரு லாரி, காதைக் கிழிக்கிற ஹாரன். உம்மா சத்தமாக ஓத ஆரம்பித்தாள். நான் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நீ கதவைத் திறந்து இறங்கி நேராக லாரிக்காரனிடம் போனாய். கண்ணாடியில் பார்த்தேன், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எந்த ஊரு லோடு? புளியங்குடியா? யாரு மண்டிலருந்து?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். ஹாரன் நின்றுவிட்டது. அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அமைதியில் நான் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சைப் பைய விட்டு, வண்டி துடிக்கிற இடத்தில் பிரேக்கை விடுவித்தேன். ஏறிவிட்டது. ஏறின வேகத்தில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கமும் இறங்கிவிட்டேன். "அந்தப் புள்ளய விட்டுட்டு வந்துட்டியேட்டி" என்று உம்மா சொன்ன பிறகுதான் ஓரம் கட்டினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாரலில் நனைந்து நடந்து வந்தாய். "லோடு கோட்டயத்துக்குப் போகுதாம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். நான் ஏறினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மச்சான் அடுத்த லீவில் வந்தபோது சாவியை வாங்கிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்தார். சார்ஜாவில் எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் அல்லவா. வலது கையால் கியரைத் தேடிக் கதவைத் தட்டினார், இண்டிகேட்டர் என்று வைப்பரைப் போட்டார், குற்றாலம் திருப்பத்தில் நேராக எதிர்ப்பக்கம் ஏறிவிட்டார். எதிரே வந்த வேன்காரன் வைதான். மச்சான் ஓரமாக நிறுத்தி, சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டி, "நீயே ஓட்டுளா" என்றார். இதை உன்னிடம் சொன்னபோது நீ மருந்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதத்தில் உன் நெஞ்சுவலிச் செய்தி வந்தது. விடியற்காலையில் வலி வந்து, அரை மணியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். வண்டியோடு ஓடிவர எனக்கு ஒரு வழிகூட வைக்காமல் போய்விட்டாயே என்று உன் வீட்டு வாசலில் நின்று உன்னைத் திட்டினேன்.

போன மாதம் உன் தங்கை, உன் பக்கத்து வீட்டில் இருக்கிறவள், வந்தாள். மண்டி வைத்திருந்த உங்கள் ஐயாவுக்கு இப்போது கண் ஆபரேஷன், செக்கப் என்று அலைச்சல். "அக்கா, எனக்கும் ஒரு வண்டி பாத்துத் தரணும். ஒங்களத்தான் கேக்கேன். அவ இருந்திருந்தாலும் அவட்ட கேட்டிருக்க மாட்டேன். அவளுக்குத்தான் கார்னா உயிர் போற பயம்லா" என்றாள். நான் அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவள்தான் சொன்னாள். உனக்குப் பத்து வயதில் செங்கோட்டை தாண்டி உங்கள் குடும்பம் போன வாடகைக் கார் கவிழ்ந்ததாம். இடது சக்கரம் ரோட்டை விட்டு இறங்கினது டிரைவருக்குத் தெரியவில்லையாம். நீ முன்சீட்டில் ஐயா மடியில் இருந்தாயாம். அதிலிருந்து எங்கே போனாலும் பஸ். கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை காரில் முன்னால் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று அழுதாயாம். "ஒங்க கூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கெல்லாம் வந்து கட்டில்ல விழுந்துருவா. ராத்திரிச் சோறுகூட திங்க மாட்டா. 'அவட்ட சொல்லிராத, நான் பயந்தேன்னு தெரிஞ்சா அவ வண்டிய நிறுத்திருவா'ம்பா" என்றாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு யாரோ மாத்திரை எண்ணுகிறார்கள். எதற்காகச் செய்தாய்? உம்மாவுக்காகவா, எனக்காகவா? இல்லை, அந்த இடத்தில் உட்கார்ந்தால் உனக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற உன் வழக்கமான ஆசையா? யார் வீட்டுக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை புதனும் சனியும் பக்கத்தில் இருந்தாய், நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். அது எனக்குப் பெரிய குறைதான், இனி தீராது.

உன் தங்கைக்கு ஒரு சின்ன வண்டி பார்த்துக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுகிறாள், நான் இடது பக்கம் உட்கார்கிறேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் நம் மடிக்குத்தான் வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது. போன வாரம் ஒரு வளைவில் எதிரே லாரி வந்து, உரசாத குறையாகப் போனது. அவள் வண்டியை நிறுத்திவிட்டு வெளுத்த முகத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துல இருக்க ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்றாள்.

உன்னிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. இல்லாத பிரேக்கை மிதித்திருந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இல்லட்டி. நீ பைய போ" என்றேன்.