ரயில்வே கிளப் கொடி

சாந்த ரீட்டா, மினாஸ்

அன்புள்ள அண்ணா,

நீ பஸ்ஸில் அனுப்பிய கொடி வந்தது. மில் கிளப்புக்கு ஃபுட்பால் ஆடப் போனவன், நம் ரயில்வே கிளப் கொடியை எந்த முகத்தோடு கடையில் கேட்டாய்?

எதற்கு அனுப்பினாய் என்று தெரியும். கிளப்பைத் தொடங்கிய தாத்தாவின் சவப்பெட்டிமேலும் இதுபோல ஒரு கொடியைத்தானே விரித்து அடக்கம் செய்தோம்.

அதற்கு வேலையில்லை. அப்பா பிழைத்து நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும், "நம்ம பசங்க ஜெயிச்சாங்களா?" என்றார்.

"வால்டெசிர் ரெண்டு கோல் போட்டான். கீழ் டிவிஷனுக்குப் போகலப்பா."

அழுதுவிட்டார். அப்புறம் கொடியைப் பார்த்தார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"என்னை மூடறதுக்கா அனுப்பினான், அந்த மில்காரப் பய?" என்று சிரித்தார். நீ போனபிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

கொடி இப்போது ஜன்னலில் பறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்களோடுதான் ஆட்டம். "முடிஞ்சதும் சாப்பிட வரச் சொல்லு," என்கிறார். "தோத்துட்டு வரட்டும்."

உன் தங்கை