சூரை மீன்மேல் போட்ட பழி

கீழ்வீட்டில் சூரை மீன் வறுக்கிறார்கள். மிளகாய்த்தூள் வாசனை படியேறி நம் இரண்டாவது மாடிக்கே வந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். நீ இருந்திருந்தால் எதிர்வீட்டிலிருந்து இந்நேரம் உன் சிரிப்பும் கேட்டிருக்கும்.

அஸ்தினாபுரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தோழி நீ. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தாய். உன் பேச்சில் மூலக்கூறுகள் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள் மாதிரி வந்துபோகும். எனக்குக் காசநோய் என்று தெரிந்தபோது என் வீட்டுக்காரருக்கு அடுத்து உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். மற்ற எல்லோருக்கும் அது வெறும் சளி.

மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம் அது. இருமல் நின்று, பசி திரும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் ஸ்கூட்டரில் கோவளம் போய், வழக்கமான மீன்காரம்மாவிடம் ஒரு சூரையை வாங்கி ஆளுக்குப் பாதியாக எடுத்து வந்தோம். எத்தனை நாள் கழித்து நாக்குக்கு ருசி தெரிந்த சாப்பாடு! நாலு துண்டு சாப்பிட்டேன்.

கை கழுவிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முகம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் கழுத்துவரை செக்கச்செவேலென்று இருந்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது, நெஞ்சு படபடத்தது. பயத்தில் முதலில் மீன்காரம்மாவுக்குத்தான் போன் போட்டேன்.

"கெட்டுப்போன மீனைத் தலையில கட்டிட்டீங்களே!"

"இன்னாம்மா சொல்ற? அதே கூடை மீனத்தான் எங்க வூட்லயும் துன்னோம். எல்லாரும் நல்லாத்தான் கீறோம்."

நான் காதில் வாங்காமல் திட்டிவிட்டு வைத்தேன். சத்தம் கேட்டு நீ எச்சில் கையோடு ஓடிவந்தாய்.

"அதே மீன்ல பாதிய நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையேடி."

"அப்ப இந்த மாத்திரைதான் விஷம். இனிமே தொடவே மாட்டேன்" என்று அட்டையைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். நீ இடது கையை விட்டு, மீன் செதிலுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தாய். பின்பக்கம் இருந்த மருந்துப் பெயர்களைப் படித்தாய். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல உன் முகம் மலர்ந்தது. என்னை ஆட்டோவில் தள்ளி ஏற்றினாய்.

டாக்டரிடம் போகும் வழியெல்லாம் உன் பாடம்தான். "சூரை மாதிரி மீன்ல ஹிஸ்டமின்னு ஒரு பொருள் சேரும். கொஞ்சமா இருந்தா நமக்குத் தெரியவே தெரியாது. குடல்ல இருக்கிற என்சைம் அதை உடைச்சுத் தள்ளிடும். சிங்க்ல விழற தண்ணி வடியற மாதிரின்னு வெச்சுக்கோ. உன் மாத்திரை கிருமியை அடிக்கப் போற வழியில அந்த ஓட்டையையும் அடைச்சிடுது. தண்ணி நிரம்பி வழியுது, உன் மூஞ்சி சிவக்குது."

"அப்ப யார் மேலதான் தப்பு?"

"யார் மேலயும் இல்ல. ரெண்டு பேரும் நல்லவங்க. ஒரே நேரத்துல வந்துட்டாங்க, அவ்ளோதான்."

படபடப்புக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, நீ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். "சூரை வேண்டாம். மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதீங்க. பாதியில விட்டா, அப்புறம் மருந்துக்கே அடங்காத கிருமியா ஆயிடும்." அன்று நீ அந்த அட்டையைக் குப்பையிலேயே விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ!

அடுத்த ஞாயிறு என்னைக் கோவளத்துக்குக் கூட்டிப்போனாய். மன்னிப்பை நானே கேட்க வேண்டும் என்று தள்ளி நின்றுகொண்டாய். நாலு பேர் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிற இடத்தில், நோயை மறைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. "எனக்கு டிபி. அந்த மாத்திரைக்கும் சூரைக்கும் ஆகலை. உங்க மேல தப்பே இல்ல" என்றேன். அந்த வார்த்தையை ஊர் கேட்கச் சொன்னது அதுதான் முதல்முறை. யாரும் விலகிப் போகவில்லை.

மீன்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க அண்ணனும் அந்த மாத்திர துன்னவருதான். இப்ப கட்டுமரம் தள்றாரு. முன்னாடியே சொல்லியிருந்தா சங்கரா குடுத்திருப்பேன்ல?" சொன்னபடியே புதிதாக வந்த சங்கரா இரண்டைப் பையில் போட்டார். திரும்பும்போது உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தை நீ காற்று என்று நினைத்திருப்பாய். துக்க அழுகை இல்லை அது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

ஆறு மாத மாத்திரையும் முடிந்து நோய் போனதென்று டாக்டர் சொன்ன அன்றே, உன் சர்ச் பாட்டுக்குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாய். "நான் கோயிலுக்குப் போறவ, பொட்டோட வந்து நிக்கலாமா?" என்றதற்கு, "பொட்டா பாடப்போகுது? உன் நுரையீரல் என்ன வேலை செய்யுதுன்னு நான் பார்க்கணும்" என்றாய்.

நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. காய்ச்சல் என்று படுத்த நீ ஒரே வாரத்தில் போய்விட்டாய். இந்த வருட ஒத்திகையில் உன் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று அந்த நீளமான கடைசி வரியில் மூச்சு வாங்கவில்லை, இருமல் எட்டிப்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த அக்கா என் காதருகே குனிந்தார். "கொஞ்சம் மெதுவா பாடும்மா, எங்க குரலே வெளிய கேக்கல."